பழைய ஊரும் புதிய திட்டமும்

(வில்கமுவவில் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்து வாலிபர் சங்கத்தின் விழா மேடையிலே நகர அமைப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். வயலும் குளமும் சூழ, வஸ்கமுவக் காட்டு யானைகள் அண்டையிலே நடமாடும் வில்கமுவவுக்கும் நகரத் திட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று வேறு சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோயில் எங்கே நிற்பது, சந்தை எங்கே கூடுவது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் எவ்வழியாகப் போவது, சுவாமி எந்த வீதி வழியே எழுந்தருளுவது, குளத்துக்குப் போகும் பாதை யாருக்குத் திறந்திருப்பது, இவற்றை முடிவு செய்வதற்குத்தான் நகர அமைப்பு என்று பெயர். இம்முடிவை நாம் செய்யாவிடில் வேறொருவர் நமக்காகச் செய்துவிடுவார். ஆதலின் இது நம்முடைய பொருளே.

நம் மாத்தளை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் தம்புள்ளை, குகை விகாரையைத் தரிசிக்க வருவோர் இறங்கி ஏறும் சிற்றூராக இருந்தது. 1999இல் அங்கே பொருளாதார மத்திய நிலையம் தோன்றிய பின், நாடெங்குமிருந்து மரக்கறி லொறிகள் வந்து குவியும் பெருஞ்சந்தையாக அது மாறிற்று. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் சிற்றூர் நகரமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஹெட்டிபொலச் சந்தியிலே கடைகள் பெருகுவதைக் காண்பவர்கள், அந்த நாள் இங்கும் வாராது என்று உறுதி கூற முடியுமா?

புதிய கொள்கை பிறந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஐரோப்பாவில் நகர அமைப்பைப் பற்றி ஒரு புதிய கொள்கை எழுந்தது. அதற்கு முன்னே நின்றவர் சுவிற்சர்லாந்திலே பிறந்து பிரான்சிலே பணியாற்றிய கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே. 1925இல் அவர் பாரிஸ் மாநகரின் நடுப்பகுதிக்கு ஒரு திட்டம் வரைந்து காட்சிக்கு வைத்தார். செயின் ஆற்றின் வடகரையிலுள்ள நெருக்கமான பழைய தெருக்களைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு, அவ்விடத்தில் அறுபது மாடிக் கோபுரங்கள் பதினெட்டை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கிடையே புல்வெளியும் விரைவு வீதிகளும் அமைப்பது அத்திட்டம். பாரிஸ் மக்கள் அதனை ஏற்கவில்லை. ஆனால் அந்தப் படம் உலகெங்கும் சென்றது. 1933இல் அவரும் அவர் தோழர்களும் மார்செயில் துறைமுகத்திலிருந்து ஏதென்சுக்குக் கப்பலிலே சென்றவாறு ஒரு மகாநாடு நடத்தினர். நகரத்தின் தொழில்கள் நான்கு: குடியிருத்தல், உழைத்தல், பொழுதுபோக்கல், போக்குவரத்து. இந்நான்கையும் தனித்தனியே பிரித்து வைத்தல் வேண்டும். இதுவே அவர்கள் கொள்கையின் சாரம்.

இதனை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அக்கொள்கை பிறந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. புகை கக்கும் ஆலைக்கு அருகே, காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளிலே, சயரோகம் தின்ன ஏழை மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். நம் நாட்டிலும் அதே கதைதான். 1914இல் கொழும்பிலே பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. அடுத்த ஆண்டே, 1915இல், வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தெரு இவ்வளவு அகலம் இருக்க வேண்டும், வீட்டின் பின்னே இவ்வளவு வெளி விட வேண்டும் என்ற விதிகள் மக்களைக் காக்க வந்தவையே. குடிநீரும் கழிவு வடிகாலும் காற்றும் வெளிச்சமும் வேண்டாம் என்று யார் சொல்வார்?

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. அக்கொள்கை சூரியனைக் காண ஏங்கும் குளிர்நாட்டிலே பிறந்தது. வீட்டுக்குள் வெயில் வருவது அவர்களுக்கு வரம். நம் வரண்ட வலயத்திலோ நிழலே வரம். நண்பகலில் மரமற்ற அகன்ற தார் வீதியொன்றைக் கடந்து பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. குறுகிய தெருவும் முன்னே நீண்ட தாழ்வாரமும் அறியாமையால் வந்தவையல்ல. இந்த வெயிலை அறிந்தவர்கள் செய்தவை.

செட்டியார் தெருவை எண்ணிப் பாருங்கள்

கொள்கையைச் சோதிக்க ஓர் இடம் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் கண்டிருக்கும் கொழும்புச் செட்டியார் தெருவை எடுத்துக்கொள்வோம். அங்கே கதிரேசன் கோயில்கள் உண்டு. அவற்றைச் சுற்றி நகைக்கடைகள் உண்டு. கடைக்குப் பின்னேயும் மேலேயும் பொற்கொல்லர் பட்டறைகளும் மக்கள் தங்கும் அறைகளும் உண்டு. ஆடி மாதத்திலே வேல் விழா இரதம் அத்தெருவிலிருந்து புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்குச் செல்கிறது.

இப்பொழுது நான்கு தொழில்களையும் பிரித்து வைக்கும் கொள்கையை அத்தெருவின் மேல் வைத்துப் பாருங்கள். குடியிருப்போரை நகர்ப்புறத்து மாடிவீட்டுக்கு அனுப்ப வேண்டும். பட்டறைகளைக் கைத்தொழில் வலயத்துக்கு அனுப்ப வேண்டும். கடைகளை ஒரு பெரிய கட்டடத்துக்குள் அடுக்க வேண்டும். வீதியை வாகனங்களுக்காக அகலிக்க வேண்டும். எஞ்சுவது கோயில் ஒன்றே. விடியற்காலையில் கோயில் மணி கேட்க அங்கே யார் இருப்பார்? இரவிலே கடை அடைத்த பின் தெருவைக் காவல் காக்கும் கண்கள் யாருடையவை? கடையிலே வேலை செய்பவன் பகலுணவுக்கு எங்கே போவான்? ஒவ்வொன்றும் தனித்தனியே நன்றாக இருக்கலாம்; ஆனால் ஒன்றையொன்று தாங்கி நின்ற உறவு அறுந்துபோகும். ஒரு தேரின் சக்கரங்களையும் அச்சையும் வடத்தையும் தனித்தனி அறைகளிலே அழகாக வைத்தால் தேர் ஓடுமா?

அமெரிக்க நாட்டிலே இக்கொள்கையைச் செய்து பார்த்தவர்களின் அனுபவமும் உண்டு. செயின்ற் லூயிஸ் நகரிலே பழைய குடிசைப் பகுதியை நீக்கிவிட்டு, பதினொரு மாடிக் கட்டடங்கள் முப்பத்துமூன்றை எழுப்பினர். 1954இல் மக்கள் குடிபுகுந்தனர். 1972இல் அரசாங்கமே அவற்றை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கிற்று. பராமரிக்கப் பணமில்லாமையும் வேலையில்லாமையும் நிறவேற்றுமையும் அதற்குக் காரணங்களாயின. கட்டட அமைப்பை மட்டும் குறைகூறல் ஆகாது. ஆனால் புதுக் கட்டடம் தானாகவே புது வாழ்வைத் தந்துவிடும் என்ற நம்பிக்கை அன்று தகர்ந்தது.

தஞ்சைக்கு வந்த பேராசிரியர்

பழைய நகரத்தைத் திருத்த வேறு வழி உண்டா? உண்டு. அதனைக் காட்டியவர்களுள் ஒருவர் பேராசிரியர் பற்றிக் கெட்டிஸ். ஸ்கொத்லாந்து நாட்டினர், உயிர்நூற் புலவர். 1914இல் சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் இந்தியாவுக்கு வந்தார். நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. சென்னையின் மேல் குண்டு வீசிய அதே எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் அதனையும் மூழ்கடித்தது. பேராசிரியர் மனந்தளரவில்லை. நண்பர்கள் உதவியால் புதிதாகப் படங்களைத் திரட்டி, 1915ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

பின்னர் அவர் தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களுக்குச் சென்று தெருத் தெருவாக நடந்தார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான பகுதிகளை ஊடறுத்து நேர்நேரான வீதிகள் வெட்டுவதற்கு ஒரு திட்டம் அப்பொழுது இருந்தது. வரைபடத்திலே பார்ப்பதற்கு அது ஒழுங்காகத்தான் இருந்தது. கெட்டிஸ் அதனை ஏற்கவில்லை. அவ்வீதிகளுக்காக இடிபடும் வீடுகளில் இருப்போர் எங்கே போவர்? எஞ்சிய வீடுகளிலே போய் நெருங்குவர். நெருக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். எனவே அவர் வேறு வழி சொன்னார். இருக்கும் சந்துகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பாழடைந்து கிடக்கும் வீட்டை மட்டும் நீக்குங்கள். அவ்விடத்திலே சிறு வெற்றிடம் திறந்து மரம் நடுங்கள். கிணற்றைத் தூய்மை செய்யுங்கள். தெருக்கோடியிலுள்ள சிறு கோயிலைச் சூழ இடம் விடுங்கள் என்றார். செலவும் குறைவு, கண்ணீரும் குறைவு. நல்ல வைத்தியன் நோயுற்ற இடத்தை மட்டும் அறுப்பான், உயிருள்ள உறுப்பைக் காப்பான் அன்றோ? அதனையே அவர் நகருக்குச் செய்யச் சொன்னார். மருந்துக்கு முன் நோயறிதல், திட்டத்துக்கு முன் கள ஆய்வு என்பது அவருடைய மூலமந்திரம்.

இந்தூர் நகரத்திலே அவர் செய்த காரியம் நம் போன்ற சங்கத்தினர் மனத்திலே பதிக்கத்தக்கது. பிளேக் நோயால் நகரம் வாடிக்கொண்டிருந்தது. தீபாவளிக் காலத்திலே பெரிய ஊர்வலம் ஒன்றுக்கு அவர் ஏற்பாடு செய்தார். வழக்கமான வழியை விட்டு, எந்தத் தெருக்கள் நன்றாகத் துப்புரவு செய்யப்படுகின்றனவோ அந்தத் தெருக்கள் வழியே ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். அவ்வளவுதான்! தெருவுக்குத் தெரு போட்டி எழுந்தது. குப்பை வண்டி வண்டியாக வெளியேறிற்று. வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது. ஊர்வலத்திலே பிளேக்கின் உருவமான பெரிய எலியும் இடம்பெற்றது. சட்டம் போட்டுச் செய்விக்க இயலாததை விழா செய்து முடித்தது. நம் பண்டிகையையும் நம் தெருவையும் பகையாகக் கருதாமல், அவற்றின் வலிமையைக் கொண்டே நகரைத் திருத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எது? இதே பேராசிரியர் 1921இல் கொழும்புக்கும் வந்து, அந்நகரைப் பூங்கா நகரமாக வளர்க்க ஓர் அறிக்கை அளித்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அநுராதபுரம் காட்டும் பாடம்

நிற்க. இனி நம் நாட்டிலே, ஒரு நகரின் நடுப்பகுதியை முழுவதுமாக இடம் பெயர்த்த வரலாற்றைப் பார்ப்போம். அது அநுராதபுரம். 1873இல் வடமத்திய மாகாணம் அமைந்து அநுராதபுரம் அதன் தலைநகரான பின், பழம்பெருந் தாதுகோபங்களுக்கும் ஸ்ரீ மகாபோதிக்கும் அண்மையிலேயே அலுவலகங்களும் கடைத்தெருவும் வீடுகளும் வளர்ந்தன. பின்னர் புகையிரதமும் வந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அங்கே வாழ்ந்தனர், வணிகம் செய்தனர். தொல்பொருள்கள் மேல் நகரம் ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டு, 1942இல் அநுராதபுரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்க நகரத் திட்டமிடலாளர் ஒலிவர் வீரசிங்க, மல்வத்து ஓயாவுக்குக் கிழக்கே புதுநகரம் ஒன்றை வரைந்தார். அலுவலகத்துக்கு ஒரு பகுதி, வாணிகத்துக்கு ஒரு பகுதி, குடியிருப்புக்கு ஒரு பகுதி என்று புதிய கொள்கைப்படி அந்நகரம் எழுந்தது. 1950, 1960ஆம் ஆண்டுகளிலே பழைய நகரத்தின் கடைகளும் அலுவலகங்களும் வீடுகளும் படிப்படியாக அங்கே பெயர்ந்தன.

இதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. மண்ணுள் புதைந்த பெருநகரம் ஆராய்ச்சிக்குக் கிடைத்தது. 1982இல் அது உலக மரபுரிமைத் தலமாயிற்று. இடம் பெயர்ந்தோர்க்கு அகன்ற வீதியும் நல்ல காணியும் கிடைத்தன. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வரைபடத்திலே ஒரு கோடு போடப்பட்டது. அக்கோட்டுக்குள் பழைமை மட்டும் இருக்கலாம், இன்று வாழும் மனிதர் இருத்தலாகாது என்றாயிற்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்தவர்களின் செங்கல்லுக்கு வரலாறு உண்டு. நூறாண்டு கடை வைத்திருந்தவனின் திண்ணைக்கு வரலாறு இல்லையா? பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த ஒரு தெருவும் காக்கத்தக்க செல்வமே என்பதை அந்தத் திட்டம் தன் கணக்கிலே சேர்க்கவில்லை.

அந்தக் கணக்கை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை நம் மாவட்டமே பின்னாளிற் கண்டது. தம்புள்ளைக் குகை விகாரை 1991இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அதனைச் சூழ்ந்த புனிதப் பிரதேசத்துக்குள் இருக்கின்றன என்பதைக் காரணங்காட்டி, அங்கிருந்த பள்ளிவாசலும் பத்திரகாளி அம்மன் கோயிலும் வேறிடம் போக வேண்டும் என்ற குரல் 2012இல் எழுந்தது. 2013 ஒக்டோபரில் அம்மன் கோயில் இடிக்கப்பட்டது. இதனைப் பகைமை மூட்டுவதற்காக நாம் சொல்லவில்லை. புனிதமான இடத்தை அழகுற வைத்தல் எல்லாச் சமயத்தவர்க்கும் உவப்பானதே. ஆனால் திட்டம் என்ற சொல், அண்டை வீட்டானை அகற்றுவதற்கு ஒரு பெயராக மாறிவிடக் கூடாது. கோடு போடுகிறவர் யார், அந்தக் கோட்டுக்குள் இருப்பவரை முன்னே கேட்டாரா என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

கேட்டுக் கட்டிய ஒருவர்

கேட்டுச் செய்ய இயலுமா? இயலும். அதற்கும் நம் மலைநாட்டிலேயே சான்று உண்டு. கண்டியிலே பிறந்த மினெற் டி சில்வா அம்மையார் (1918–1998) இலங்கையின் முதற் பெண் கட்டடக் கலைஞர்களுள் முன்னணியில் நின்றவர். லெ கொர்பூசியேயின் நட்பைப் பெற்றவர். 1947இல் இங்கிலாந்திலே கூடிய அந்தப் புதுமைக் கலைஞர்களின் மகாநாட்டிலேயே பங்குபற்றியவர். புதிய கொள்கையை அவர் நன்கு கற்றவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1950ஆம் ஆண்டுகளிலே கண்டி வட்டாபுலுவவில் அரசாங்க ஊழியர்க்காக இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் அமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தபோது, அவர் முதலிலே எடுத்தது வரைகோலையல்ல, வினாக்கொத்தை. குடியிருக்கப் போகிறவர்களிடமே அவர்கள் தேவையைக் கேட்டார். அவர்கள் பல இனத்தவர், பல சமயத்தவர். சமையலறை எப்படி வேண்டும், வழிபாட்டுக்கு இடம் வேண்டுமா, எவ்வளவு செலவு செய்ய இயலும் என்பன வீட்டுக்கு வீடு வேறுபடுமன்றோ? அவர்கள் தந்த விடைகளுக்கேற்பப் பல வகை வீடுகளை வரைந்தார். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் அதன் போக்கிலேயே வீடுகளை அமைத்தார். புதுமைக் கொள்கை கெட்டதென்பதல்ல நம் கருத்து. அது மக்களிடம் பாடம் கேட்டுக்கொள்ளும்போது நல்லதாகிறது என்பதே.

நாம் செய்ய வேண்டியது

"அப்படியானால் எதையும் மாற்ற வேண்டாமா? குண்டும் குழியுமான வீதியும் சாக்கடையும் அப்படியே கிடக்க வேண்டுமா?" என்று வாலிபர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. மாற்றம் கட்டாயம் வேண்டும். பஸ் திரும்ப இடமில்லாத சந்தி வேண்டாம். மழை பெய்தால் கடைக்குள் நீர் புகும் வடிகால் வேண்டாம். பெரியோர்களும் பழையது என்பதற்காகவே எதையும் கட்டிக் காக்க வேண்டியதில்லை. மாற்றத்தை அளக்கும் கோல் எது என்பதுதான் வழக்கு. எந்தத் திட்டம் வந்தாலும் அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் இடம் விட்டுப் போகிறவர் யார், அவர் எங்கே போவார்? இன்று நடந்தே செய்யும் காரியங்களுள் எதற்கு நாளை வாகனம் தேவைப்படும்? நிழலும் நீரும் கூடுமா, குறையுமா? இம்மூன்றுக்கும் நேரான விடை தரும் திட்டத்தை வரவேற்போம்.

இனி, நம் சங்கம் இவ்வாண்டு மேற்கொள்ளத்தக்க ஒரு பணியைப் பணிவுடன் முன்வைக்கிறோம். சந்தியையும் சந்தையையும் சுற்றியுள்ள பகுதியை வாலிபர்கள் தாமே அளந்து ஒரு படம் வரையுங்கள். ஒவ்வொரு கடையும் எது, எத்தனை ஆண்டாக இருக்கிறது, மேலே யார் குடியிருக்கிறார் என்று எழுதுங்கள். நிழல் மரங்களை எண்ணுங்கள். எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது, மழைக்காலத்தில் நீர் எங்கே தேங்குகிறது, யானை இறங்கும் வழி எது என்பவற்றைப் பெரியோர்களிடம் கேட்டுக் குறியுங்கள். அவர்கள் நினைவிலுள்ளது எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை. கோயில் விழாவின் வழியையும் விகாரைப் பெரஹராவின் வழியையும் ஒரே படத்திலே காட்டுங்கள். சிங்கள, முஸ்லிம் அயலவரின் வாலிபர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் எல்லோர்க்கும் ஒன்றே.

இந்தப் படம் வெறும் பயிற்சியன்று. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அமைச்சர் ஓர் இடத்தை அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தால், அவ்விடம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டத்துக்குள் வரும். திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்கும் முறையும் சட்டத்திலே உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் நமக்கு வழி உண்டு. ஆனால் குறித்த சில நாட்களுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டியவன், அன்றைக்குத்தான் தன் ஊரை அளக்கத் தொடங்கினால் என்ன செய்வான்? வெள்ளம் வருமுன் அணை கட்டுவது நம் உழவர்க்குத் தெரியாத பாடமன்று. படம் முடிந்ததும் ஒரு பிரதியைப் பிரதேச சபையிலும், ஒன்றைப் பிரதேச செயலகத்திலும், ஒன்றை நம் சங்க நூல் நிலையத்திலும் வையுங்கள். ஆண்டுதோறும் விழாக் காலத்தில் அதனைத் திருத்துங்கள்.

இந்தூரிலே செய்தது போல நாமும் செய்து பார்க்கலாம். அடுத்த ஆண்டு சுவாமி எழுந்தருளும் வீதியைத் தெருவாரின் துப்புரவே முடிவு செய்யட்டும். அதற்கு அரசாங்கப் பணமும் வேண்டா. பொறியியலாளர் ஒப்பமும் வேண்டா. மரம் நடுவதற்கும் வடிகாலைத் துப்புரவாக்குவதற்கும் நம் கைகளே போதும்.

அன்பர்களே! ஊர் என்பது கல்லும் மண்ணும் மட்டுமன்று. ஒருவரோடொருவர் கொண்ட பழக்கமும் அதிலே கட்டப்பட்டிருக்கிறது. கல்லை ஓராண்டில் எழுப்பிவிடலாம். பழக்கத்தை எழுப்ப ஒரு தலைமுறை வேண்டும். ஆகவே புதிய திட்டத்தோடு வருகிறவரை அன்போடு வரவேற்போம். நாற்காலி போட்டு அமரச் செய்வோம். நம் படத்தை அவர் முன்னே விரிப்போம். பின்னர் அவர் படத்தைப் பார்ப்போம். இம்முறை மாறாதிருந்தால் நம் ஊரும் வளரும், நம் உறவும் வாழும்.

இப்பணியை ஏற்க முன்வரும் வாலிபர்கள் இன்று மாலையே செயலாளரிடம் பெயர் கொடுப்பார்கள் என்று நம்புகிறோம்.